ஆல்பேட்டையில் ஒரு விலை, முள்ளோடையில் ஒரு விலை: அரசியலமைப்புத் திருத்தங்கள் பற்றி வாசகர் கேள்வி-பதில்

அரசியலமைப்புத் திருத்தங்கள் பற்றிப் போன தடவை போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன், அதற்கு இத்தனை கேள்வி வரும் என்று நினைக்கவில்லை. பாதி கடலூர்ப் பக்கத்திலிருந்து, மீதி புதுச்சேரியிலிருந்து. ஒரே மாதிரிக் கேட்டவர்களைச் சேர்த்து, எல்லாருக்கும் ஆகிறதை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

எங்கள் ஊர் டீக்கடையில் ஒவ்வொருவராகக் கேட்டுப் பார்த்தேன் சார். ஒருத்தருக்கும் ஒரு திருத்தம்கூடச் சொல்லத் தெரியவில்லை. நம் ஜனங்கள் இவ்வளவுதானா? (பாகூர்)

நீங்கள் கேட்ட விதம் அப்படி. 'எத்தனையாவது திருத்தம்' என்று ஆரம்பித்தால் கோர்ட்டில் எனக்குப் பக்கத்து மேஜைக்காரரே முழிப்பார். அதே கடையில் அறுபது தாண்டிய ஒருவரைப் பார்த்து "முதல் ஓட்டு எத்தனை வயதில் போட்டீர்கள்" என்று கேளுங்கள், 21 முடிந்த பிறகுதான் என்பார், அவர் பேரன் 18 என்பான். நடுவில் இருப்பது 61-ஆவது திருத்தம், 1989 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. ஜிஎஸ்டி பற்றிக் கடைக்காரரிடம் பேச்சுக் கொடுத்தால் அரை மணி நேரம் திட்டுவார், அது 101-ஆவது. நம்பர் தெரியாததை நான் குறையாகவே எடுத்துக்கொள்வதில்லை. எந்த மாற்றம் தன் மேல் வந்து விழுந்திருக்கிறது, அதற்கு எந்தக் கதவைத் தட்டலாம் என்பது தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து. கீழே நெய்வேலிப் பக்கத்துக் கேள்வியைப் பாருங்கள்.

சுதந்திர தினம் ஆகஸ்ட் 15 இந்தியாவுக்கு, நவம்பர் 1 புதுச்சேரிக்கு, அப்புறம் ஆகஸ்ட் 16 வேறு சொல்கிறார்கள். இதில் எது சட்டப்படி சரி? (வில்லியனூர்)

வில்லியனூர்க்காரருக்குக் கீழூர் பக்கத்தில்தானே இருக்கிறது, ஒரு மாலை நேரம் அந்த நினைவிடத்துக்குப் போய்விட்டு வாருங்கள். 1954 அக்டோபர் 18 அன்று அங்கேதான் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள், 170 பேர் இந்தியாவோடு சேரலாம் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. ஆனால் காகிதத்தில் ஊர் இன்னும் பிரான்சுடையதுதான். 1956 மே மாதம் ஒப்பந்தத்தில் கையெழுத்து ஆனது, பிரெஞ்சு நாடாளுமன்றம் அதை ஏற்கவே 1962 வரை இழுத்தது, அந்த ஆண்டு ஆகஸ்ட் 16 அன்று ஒப்புதல் பத்திரங்களை மாற்றிக்கொண்ட பிறகுதான் சட்டப்படி ஒப்படைப்பு முடிந்தது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த 14-ஆவது திருத்தம்தான் புதுச்சேரியை யூனியன் பிரதேசப் பட்டியலில் ஏற்றியது, 239ஏ என்ற பிரிவைப் புதிதாகச் சேர்த்து இங்கே சட்டமன்றம் அமைக்கவும் வழி செய்தது. ஆக, நவம்பர் 1-க்கும் ஆகஸ்ட் 16-க்கும் நடுவே எட்டு வருஷம் நம் ஊர் இரண்டும் கெட்டானாக இருந்திருக்கிறது. கொண்டாட்டத்துக்கு நவம்பர் 1, பத்திரத்துக்கு ஆகஸ்ட் 16 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாண்டிச்சேரி 'புதுச்சேரி' ஆனது எந்தத் திருத்தத்தால்? தனி மாநிலம் வேண்டுமென்றால் எத்தனையாவது திருத்தம் வரவேண்டும்? (லாஸ்பேட்டை)

இரண்டுக்குமே அரசியலமைப்புத் திருத்தம் என்ற அந்தப் பெரிய நடைமுறை தேவையில்லை. பெயர் மாற்றம் 2006-இல் நாடாளுமன்றம் போட்ட சாதாரணச் சட்டம், அக்டோபர் 1 முதல் அமல். மாநில அந்தஸ்தும் அப்படியே, 3-ஆவது பிரிவின்படி சாதாரணப் பெரும்பான்மை போதும், மூன்றில் இரண்டு பங்கு கணக்கெல்லாம் வேண்டாம் என்று 4-ஆவது பிரிவே சொல்லிவிடுகிறது. "அரசியலமைப்பையே திருத்த வேண்டுமே, சும்மாவா" என்று மேடையில் யாராவது சாக்குச் சொன்னால் நம்பாதீர்கள். தடை இருக்கிறது, ஆனால் அது சட்டப் புத்தகத்தில் இல்லை.

எங்கள் வீட்டுப் பக்கம் பெட்ரோல் போடாமல் விலை குறைவு என்று எல்லாரும் எல்லைக்கு அந்தப் பக்கம் புதுச்சேரி முள்ளோடைக்கு வண்டியை விடுகிறார்கள். நாடு முழுக்க ஒரே வரி என்றார்களே, இது மட்டும் ஏன்? (கடலூர், ஆல்பேட்டை)

ஆல்பேட்டை செக்போஸ்ட்டில் நின்று பார்த்தாலே 101-ஆவது திருத்தம் எங்கே நின்றுபோனது என்று கண்ணால் பார்த்துவிடலாம். 2016-இல் அந்தத் திருத்தம் கொண்டுவந்தபோது பெட்ரோல், டீசல், கச்சா எண்ணெய், இயற்கை எரிவாயு, விமான எரிபொருள் இந்த ஐந்துக்கும் ஜிஎஸ்டி எந்தத் தேதியிலிருந்து என்பதைப் பிறகு ஜிஎஸ்டி கவுன்சில் சொல்லும் என்று எழுதி வைத்தார்கள். மது விஷயத்தில் அதுகூட இல்லை. ஜிஎஸ்டி என்றால் என்ன என்று விளக்கும் இடத்திலேயே 'மனிதர் அருந்தும் மது நீங்கலாக' என்று வெளியே நிறுத்திவிட்டார்கள். அதனால் இந்தச் சரக்குகளுக்கெல்லாம் அந்தந்த அரசு தன் இஷ்டத்துக்கு வரி போடுகிறது, தமிழ்நாடு ஒன்று, புதுச்சேரி ஒன்று. மாநிலங்கள் இதை விட்டுக்கொடுக்காததற்குக் காரணம் எளிது, மற்ற வரியெல்லாம் பொதுக் கணக்குக்குப் போன பிறகு சொந்தமாக ஏற்றி இறக்க அவர்கள் கையில் மிச்சம் இருப்பது பெரும்பாலும் இந்த இரண்டு சரக்குதான். கட்சி எதுவாக இருந்தாலும் நிதியமைச்சர்கள் இதில் ஒரே குரல்.

பெட்ரோல் போடப் போகிறவர்கள் திரும்பும்போது டிக்கியில் வேறு ஏதாவது வைத்துக்கொண்டு வந்து செக்போஸ்ட்டில் மாட்டிக்கொண்டால் 101-ஆவது திருத்தம் காப்பாற்றாது. அதற்கு வேறு சட்டம் இருக்கிறது.

சுரங்க விரிவாக்கத்துக்கு எங்கள் நிலத்தை எடுக்க நோட்டீஸ் வந்திருக்கிறது ஐயா. சொத்துரிமை அடிப்படை உரிமை, நேராக சுப்ரீம் கோர்ட் போகலாம் என்கிறார் ஊர்ப் பெரியவர். போகலாமா? (நெய்வேலி அருகில்)

பெரியவர் சொல்வது ஒரு காலத்தில் சரியாக இருந்தது. 1950-இல் நடைமுறைக்கு வந்த புத்தகத்தில் 19-ஆவது பிரிவிலும் 31-ஆவது பிரிவிலும் சொத்து அடிப்படை உரிமையாக இருந்தது. 1978-இல் ஜனதா ஆட்சியில் வந்த 44-ஆவது திருத்தம் அதை அங்கிருந்து எடுத்துவிட்டது. எமர்ஜென்சியின் காயங்களை ஆற்ற வந்த திருத்தம் அது, இனி எந்த நெருக்கடி நிலையிலும் உயிர் வாழும் உரிமையை நிறுத்திவைக்க முடியாது என்று ஆக்கியதும் அதே திருத்தம்தான். நல்லதோடு சேர்ந்து சொத்துரிமையும் போனது. போனது என்றால் அடியோடு போகவில்லை, 300ஏ என்று தள்ளி ஓர் இடத்தில் வைத்தார்கள்: சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் யாருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது.

நடைமுறையில் இதன் விளைவு என்னவென்றால், அடிப்படை உரிமைகளுக்கான 32-ஆவது பிரிவைக் காட்டி நேராக டெல்லிக்குப் போகும் கதவு சொத்து விஷயத்துக்கு மூடிவிட்டது. 226-ஆவது பிரிவின் கீழ் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். 2024 மே மாதம் கொல்கத்தா மாநகராட்சி வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 300ஏ-வுக்குள் ஏழு விஷயங்கள் அடங்கியிருப்பதாகச் சொன்னது. நிலத்தை எடுக்குமுன் நோட்டீஸ், ஆட்சேபணையைக் காது கொடுத்துக் கேட்பது, காரணம் சொல்லி முடிவு, பொதுநோக்கம், நியாயமான இழப்பீடு, காலத்தோடு நடத்துவது, முறையாக முடித்து வைப்பது. இதில் ஒன்று தவறினாலும் உங்களுக்குப் பிடி கிடைக்கிறது.

இப்போது அந்த நோட்டீஸைக் கையில் எடுங்கள். தலைப்பிலேயே எந்தச் சட்டம் என்று இருக்கும், 2013-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமா, தமிழ்நாட்டின் தொழில் நோக்கங்களுக்கான 1997-ஆம் ஆண்டுச் சட்டமா என்று பாருங்கள், இரண்டிலும் வழிமுறை வேறு. கீழே அட்டவணையில் சர்வே நம்பர், உட்பிரிவு, ஹெக்டேர்-ஏர் கணக்கில் பரப்பு, நஞ்சையா புஞ்சையா, உரிமையாளர் பெயர் என்று வரிசையாக இருக்கும். உட்பிரிவு எண் உங்கள் பட்டாவோடு ஒத்துப்போகிறதா, இறந்துபோன அப்பா பெயரிலேயே இன்னும் நிற்கிறதா, கிணறும் மரமும் எங்காவது ஏறியிருக்கிறதா என்று பென்சிலால் டிக் அடித்துக்கொண்டே வாருங்கள். பிறகு ஆட்சேபணைக்குக் கொடுத்திருக்கும் கெடுவுக்குள் எழுத்தில் மனு கொடுத்து, நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிவிடுங்கள். வாயால் சொன்ன ஆட்சேபணையை யாரும் கேட்டதாக எழுதமாட்டார்கள். மனு போடாமல் உயர் நீதிமன்றம் போனால் முதல் கேள்வியே "அங்கே ஏன் சொல்லவில்லை" என்றுதான் வரும்.

கடலூர் மாவட்டத்தில் பஞ்சாயத்துத் தலைவர் என்று ஒருவர் இருந்தார், எல்லை தாண்டி எங்கள் பக்கம் வந்தால் கொம்யூன் ஆணையர் மட்டும்தான். 73-ஆவது திருத்தம் புதுச்சேரிக்குப் பொருந்தாதா? (அரியாங்குப்பம்)

பொருந்தும் அம்மா, யூனியன் பிரதேசங்களுக்கும் உண்டு. ஐந்து ஆண்டு முடிவதற்குள் அடுத்த தேர்தல் முடிந்திருக்க வேண்டும் என்று பஞ்சாயத்துகளுக்கான 73-உம் நகராட்சிகளுக்கான 74-உம் அடித்துச் சொல்கின்றன. இரண்டும் 1993-இல் நடைமுறைக்கு வந்தன. புதுச்சேரியில் 1968-க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006-இல்தான். 2011-இல் பதவிக்காலம் முடிந்தது, அதன் பிறகு பத்தாண்டுக்கு மேல் ஆணையர் ஆட்சி. 2021-இல் தேதிவரை அறிவித்துவிட்டு இட ஒதுக்கீட்டுச் சிக்கலில் நீதிமன்றம் போய் நின்றது. ஐந்து நகராட்சி, பத்துக் கொம்யூன் (பல கிராமப் பஞ்சாயத்துகளைச் சேர்த்த அமைப்பு), தெருவிளக்கு எரியாவிட்டால் சொல்ல ஒரு கவுன்சிலர் கிடையாது.

தமிழ்நாடு ஒழுங்கு என்று நினைத்துவிடாதீர்கள். 2016-இல் நடக்க வேண்டியது 2019 டிசம்பருக்குத் தள்ளிப்போனது, அப்படி வந்தவர்களின் காலமும் 2025 ஜனவரியில் முடிந்து தனி அலுவலர் கைக்குப் போனது. அரசியலமைப்பில் எழுதியும் நடக்காத விஷயத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. நான் இதில் கோபப்படுவது அரசுகள் மீது மட்டுமில்லை. எம்எல்ஏ தேர்தல் ஒரு மாதம் தள்ளிப்போனால் ஊரே கொந்தளிக்கும், உள்ளாட்சிக்கு ஏன் ஒருவரும் வாய் திறப்பதில்லை?

குடியரசுத் தலைவர் தேர்தலில் எங்கள் எம்எல்ஏக்களுக்கு ஓட்டு உண்டா? (முத்தியால்பேட்டை)

உண்டு, 1992-இன் 70-ஆவது திருத்தத்தால். அதற்கு முன் இல்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட 30 பேருக்கு மட்டும்தான், நியமன உறுப்பினர்களுக்குக் கிடையாது. ஒரு புதுச்சேரி எம்எல்ஏவின் ஓட்டு மதிப்பு 16, கடலூர் எம்எல்ஏவுக்கு 176. 1971 மக்கள்தொகையை வைத்துப் போட்ட கணக்கு இது.

சார், குரூப் 2-வுக்குப் படிக்கிறேன். ஒரு பக்கம் 106 திருத்தம் என்கிறார்கள், செய்தியில் 129, 130 என்று வருகிறது. எது சரி? (நெல்லிக்குப்பம்)

தம்பி, மசோதாவுக்கு ஒரு வரிசை எண், நிறைவேறி வந்த சட்டத்துக்கு வேறு எண். பல மசோதாக்கள் பாதியில் செத்துவிடுகின்றன, அதனால் மசோதா எண் எப்போதும் முன்னால் ஓடும். ஜிஎஸ்டி 122-ஆவது மசோதா, 101-ஆவது திருத்தம். பொருளாதாரத்தில் நலிந்தோருக்கான 10 சதவீதம் 124-ஆவது மசோதா, 103-ஆவது திருத்தம். பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு 128-ஆவது மசோதா, 2023-இல் 106-ஆவது திருத்தம். ஒரே நாடு ஒரே தேர்தல் 129 என்பதும், சிறையில் 30 நாள் இருந்தால் முதல்வர் பதவி போகும் என்ற 130 என்பதும் மசோதா எண்கள். கூடவே இதையும் குறித்துக்கொள்: 2019-இல் 370-ஐ முடக்கியது குடியரசுத் தலைவர் ஆணைகள் வழியாக, குடியுரிமை விவகாரம் 1955-ஆம் ஆண்டுச் சட்டத்தில் செய்த மாற்றம். இரண்டும் இந்த வரிசையில் வராது, தேர்வில் இங்கேதான் காலை வாருவார்கள்.

தமிழ்நாட்டால் வந்த திருத்தம் ஏதாவது உண்டா? (சிதம்பரம்)

முதல் திருத்தமே நம்மால் வந்ததுதான். கல்லூரி இடங்களைச் சாதி, மதவாரியாகப் பிரித்துக் கொடுத்த மெட்ராஸ் மாகாணத்தின் வகுப்புவாரி ஆணையை எதிர்த்து செண்பகம் துரைராஜன் போட்ட வழக்கில், அந்த ஆணை செல்லாது என்று 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போடாமல் அவர் வழக்குப் போட்டிருந்தார் என்பது பலருக்குத் தெரியாது. இங்கே பெரியார் தெருவில் இறங்கினார், கிளர்ச்சி பரவியது, பிற்படுத்தப்பட்டோருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்யலாம் என்று ஜூனிலேயே 15-ஆவது பிரிவில் நான்காவது உட்பிரிவு ஏறிவிட்டது. அதே திருத்தத்தில் பேச்சுரிமைக்குப் போட்ட கடிவாளத்துக்கும் மெட்ராஸ் ஒரு காரணம், 'கிராஸ் ரோட்ஸ்' பத்திரிகையை இங்கே தடை செய்த வழக்கில் அரசு தோற்றிருந்தது. அப்புறம் 1994-இன் 76-ஆவது, நம் 69 சதவீத இட ஒதுக்கீட்டுச் சட்டத்தை ஒன்பதாவது அட்டவணைக்குள் வைத்தது. அங்கே வைத்தால் கோர்ட்கூடத் தொட முடியாது என்று அன்று நினைத்தோம், 1973 ஏப்ரல் 24-க்குப் பின் உள்ளே போனதையெல்லாம் பரிசீலிக்கலாம் என்று 2007-இல் நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இதையெல்லாம் நாங்களே பார்த்துத் தெரிந்துகொள்ள வழி? கைடு ஏதாவது சொல்லுங்கள். (கடலூர் ஓ.டி.)

கைடு வேண்டாம். மத்திய சட்ட அமைச்சகத்தின் இணையதளத்தில் அரசியலமைப்பு முழுதாக இலவசமாகக் கிடைக்கிறது. அதில் சதுர அடைப்புக்குள் இருப்பதெல்லாம் பிறகு வந்தது. அடைப்பின் தலையில் ஒரு சின்ன எண் இருக்கும், அதே எண்ணைப் பக்கத்தின் அடியில் பார்த்தால் எந்தத் திருத்தம், எந்த ஆண்டு, எந்தத் தேதியிலிருந்து என்று மூன்றும் இருக்கும். 51ஏ-வைத் திறந்து பாருங்கள், அடிப்படைக் கடமைகள் மொத்தமும் அடைப்புக்குள், அடியில் 42-ஆவது திருத்தம், 3-1-1977. கடைசிக் கடமைக்கு மட்டும், பிள்ளையைப் படிக்க வை என்பதற்கு, வேறு எண்: 86-ஆவது, 2002. முகப்புரையைத் திறந்தால் அங்கேயும் அடைப்புக்குறி இருக்கும், எது எது என்று நீங்களே பார்த்து எழுதுங்கள்.