வேர் சிகிச்சையைத் தள்ளிப்போடலாமா? – பல் மருத்துவர் பதில்கள்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், வேர் சிகிச்சை (ரூட் கேனால்) வேண்டும் என்று சொல்லப்பட்ட பிறகும் நாள் கடத்துகிறவர்கள் எழுதியவை. அவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கீழ்க் கடைவாய்ப் பல்லில் மூன்று வாரம் உயிர் போகும் வலி இருந்தது. இப்போது தானாகவே நின்றுவிட்டது. இனியும் வேர் சிகிச்சை தேவையா? (வாசகி, கும்பகோணம்)

தேவை, முன்பைவிட அவசரமாகத் தேவை. பல்லின் உள்ளே நரம்பும் ரத்தக் குழாய்களும் நிறைந்த மென்மையான திசுதான் பற்கூழ். அதில் உயிர் இருக்கும் வரைதான் சூடும் குளிர்ச்சியும் சுரீரென்று தெரியும். அது செத்ததும் வலி அடங்கிவிடும். கிருமிகளோ அங்கேயே பெருகி, வேர்நுனி வழியாகத் தாடை எலும்புக்குள் இறங்கி, எலும்பை மெல்ல அரித்துக்கொண்டிருக்கும். மாதக்கணக்கில் உங்களுக்கு ஒன்றும் தெரியாது. எக்ஸ்ரேயில் மட்டும் வேர்நுனியைச் சுற்றி ஒரு கருநிழல் தெரியும். வலி நின்றது குணமானதற்கு அடையாளமில்லை என்று எத்தனை முறை எழுதினாலும், மீண்டும் எழுத வேண்டியிருக்கிறது.

பல் ஈறில் சிறு கொப்புளம் வருகிறது, உடைந்து உப்புக் கரிக்கிறது, மறுபடி வருகிறது. வலியில்லை. (வாசகர், திண்டுக்கல்)

உள்ளே தேங்கும் சீழ் தனக்குத் திறந்துகொண்ட வடிகால் அது. அழுத்தம் வெளியேறிவிடுவதால்தான் வலியில்லை. ஊசியால் குத்த வேண்டாம். பற்கூழ் இருக்கும் வேரின் உட்குழாய், அதாவது வேர்க்குழாய், சுத்தமானால் பெரும்பாலும் சில வாரங்களில் தானே மூடிக்கொள்ளும்.

பல்வலி. நல்ல மாத்திரை ஒன்று சொல்லவும். (ஊர் எழுதப்படவில்லை)

எந்தப் பல், எத்தனை நாளாக வலி, உங்கள் வயது என்ன, சர்க்கரை நோயோ வயிற்றுப் புண்ணோ சிறுநீரகக் கோளாறோ உண்டா என்று ஒரு வரிகூட எழுதாமல் மாத்திரை மட்டும் கேட்டால் என்னால் சொல்ல இயலாது, சொல்லவும் கூடாது. நேரில் ஒரு பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் வாங்கி மூன்று நாள் சாப்பிட்டால் வீக்கம் வடிந்துவிடுகிறது. வருடத்தில் மூன்று நான்கு முறை இப்படித்தான் சமாளிக்கிறேன். தொடரலாமா? (வாசகர், ஈரோடு)

கூடாது. நான் மருத்துவம் பார்க்கத் தொடங்கிய நாள் முதல் என்னை மிகவும் வருத்துகிற பழக்கம் இது. ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

விழுங்கிய மாத்திரை ரத்தத்தின் வழியாகத்தான் கிருமி இருக்கும் இடத்தைச் சென்றடைய முடியும். செத்துப்போன பற்கூழில் ரத்த ஓட்டமே கிடையாது. எனவே அந்த மருந்து, வேருக்கு வெளியே பரவிய கிருமிகளைக் குறைத்து வீக்கத்தை வடியவைக்குமே தவிர, வேர்க்குழாய்க்குள் குடியிருப்பவற்றைத் தொடாது. சில வாரங்களில் அவை மறுபடியும் கிளம்பும். வேர்க்குழாயைத் திறந்து, சுரண்டி, மருந்துநீரால் கழுவி அடைப்பது அல்லது பல்லை எடுத்துவிடுவது, இவ்விரண்டைத் தவிர வேறு வழியில்லை. சிகிச்சை உடனே கிடைக்கும் இடத்தில், எதிர்ப்பாற்றல் சரியாக உள்ள பெரியவர்களுக்குப் பெரும்பாலான பற்கூழ் அழற்சிக்கும் வேர்நுனிச் சீழுக்கும் ஆன்டிபயாடிக் தேவையில்லை என்றே அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் 2019-ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் சொல்கிறது. காய்ச்சலும் பரவும் வீக்கமும் இருந்தால் கொடுப்போம். அப்போதும் பல்லுக்கான சிகிச்சையோடு சேர்த்துத்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் சட்டைப்பையிலிருந்து மாத்திரை அட்டைத் துண்டுகளை எடுத்து என் மேசையில் வைத்தார். மூன்று மூன்றாகக் கத்தரித்துக் கொடுக்கப்பட்டவை. மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் வெட்டுப்பட்ட பகுதியோடு போயிருந்தன. எட்டு மாதமாக அவற்றை விட்டுவிட்டுச் சாப்பிட்டிருந்தார். அந்த முறை வீக்கம் வடியவில்லை. தாடைக்கு அடியில் இருபுறமும் மரக்கட்டை போல் இறுகி, நாக்கு மேலே தள்ளப்பட்டு, எச்சிலை விழுங்க முடியாமல் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார். அவரை நாற்காலியில் சாய்க்காமல், உட்கார்ந்த நிலையிலேயே பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினேன். கழுத்தைக் கீறிச் சீழை வெளியேற்றினார்கள், பிழைத்தார்.

1836-இல் ஜெர்மானிய மருத்துவர் லுட்விக் விவரித்ததால் லுட்விக் ஆஞ்சைனா என்று பெயர் பெற்ற நிலை இது. கீழ்த்தாடையின் இரண்டாம், மூன்றாம் கடைவாய்ப் பற்களின் வேர்நுனிகள் பெரும்பாலும் வாயின் அடித்தளத் தசைக்குக் கீழே முடிவதால், அங்கிருந்து கிளம்பும் கிருமித்தொற்று கழுத்துப் பக்கம் இறங்கி மூச்சுப்பாதையை நெருக்கிவிடும். வாய் திறக்க முடியாமை, விழுங்கச் சிரமம், குரல் மாற்றம், காய்ச்சலோடு கழுத்து வீக்கம் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும், இரவென்றும் பாராமல் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். உங்களுக்கும் சொல்கிறேன்: வீக்கம் வடிந்ததும் குணமில்லை, வலி நின்றதும் குணமில்லை.

எனக்குச் சர்க்கரை 300-க்கு மேல் இருக்கிறது. அது இறங்கிய பிறகு வேர் சிகிச்சை செய்துகொள்ளலாம் என்று காத்திருக்கிறேன். (வாசகர், நாகர்கோவில்)

பல்லில் சீழ் இருக்கும் வரை சர்க்கரை எளிதில் இறங்காது. சர்க்கரை இறங்காத வரை சீழும் எளிதில் ஆறாது. ஒன்றுக்காக மற்றொன்றைக் காக்கவைத்தால் இரண்டும் முற்றும். சர்க்கரைக்குப் பார்க்கும் மருத்துவரையும் பல் மருத்துவரையும் இந்த வாரமே பாருங்கள். காலை உணவையும் வழக்கமான மருந்தையும் தவிர்க்காமல், முற்பகலில் வருவது நல்லது. வெறும் வயிற்றோடு வந்து நாற்காலியில் மயங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஐந்து மாதக் கர்ப்பம். பிரசவம் வரை பொறுக்கலாமா? (வாசகி, தஞ்சாவூர்)

வேண்டாம். நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரைதான் இதற்கு வசதியான காலம். மரத்துப்போகும் ஊசியும், தேவைப்பட்டால் ஓரிரு எக்ஸ்ரேயும் ஆபத்தில்லை. கர்ப்பம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். வலிநிவாரணியை நீங்களாக வாங்கி விழுங்காதீர்கள்.

முதல் முறை சுத்தம் செய்து தற்காலிக சிமென்ட் வைத்தார்கள். வலி போய்விட்டதால் நான்கு மாதமாகப் போகவில்லை. (வாசகர், மதுரை)

மறுபடியும் அதே தவறு. தற்காலிக சிமென்ட் சில வாரங்களுக்கு மட்டுமே தாங்கும். பிறகு ஓரங்களில் கசிந்து, எச்சிலோடு கிருமிகளும் உள்ளே இறங்கும். செய்த வேலை முழுவதும் இந்நேரம் வீணாகியிருக்கலாம், முதலிலிருந்து தொடங்க நேரலாம். சிகிச்சையை முடித்துக்கொண்டு, பல்லின் மேல் மாட்டும் உறையான கேப் போடாமல் திரிகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: சொத்தையும் சிகிச்சையும் குடைந்தெடுத்த கடைவாய்ப் பல், கெட்டியான முறுக்கு ஒன்றைக் கடித்தாலே வேர்வரை பிளக்கலாம். அப்படிப் பிளந்த பல்லைப் பெரும்பாலும் எடுக்கத்தான் வேண்டும். பணம்தான் தடை என்றால் அருகில் உள்ள பல் மருத்துவக் கல்லூரியில் விசாரியுங்கள். சென்னையிலுள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரியில் குறைந்த செலவில் செய்கிறார்கள்.

மகளுக்கு ஆறு வயது. பால் பல்லில் சொத்தை, கன்னம் லேசாக வீங்கியிருக்கிறது. விழப்போகும் பல்தானே என்று பள்ளி விடுமுறை வரை விட்டிருக்கிறோம். (வாசகி, சேலம்)

கடைவாய்ப் பால் பல் விழுவதற்குப் பத்துப் பன்னிரண்டு வயதாகும். அதன் வேர்களுக்கு நடுவில்தான் நிரந்தரப் பல்லின் முளை வளர்ந்துகொண்டிருக்கிறது. மேலிருந்து இறங்கும் சீழ் அந்த முளையின் எனாமலைக் கெடுத்துவிட்டால், பல் முளைக்கும்போதே பழுப்புத் திட்டோடும் பள்ளத்தோடும் முளைக்கும். பால் பல்லுக்கும் வேர் சிகிச்சை உண்டு. விடுமுறைக்குக் காத்திருக்காமல், நாளைக் காலையே அழைத்துச் செல்லுங்கள்.