பெங்களூரில் சொந்தமாக ஒரு கேரவன் வைத்துச் சமாளிக்க முடியுமா?

கேள்வி கேட்டவர் பெங்களூரில் அபார்ட்மென்ட்டில் வாடகைக்கு இருக்கிறார். பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி, படுக்கை, சமையல் மேடை எல்லாம் வைத்து மோட்டார்ஹோம் ஆக்கலாமா, பராமரிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறார். நான் கம்மனஹள்ளிப் பக்கம் இருப்பவன். டிராவலரில் பாடி கட்டிய கேரவன் ஒன்றைச் சில வருடங்களாக வைத்திருக்கிறேன்.

எந்த வண்டி வாங்கலாம் என்பதை அப்புறம் பார்க்கலாம். எங்கே நிறுத்தப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு பண்ணுங்கள். ஹை ரூஃப் டிராவலரின் உயரம் எட்டு அடியைத் தாண்டும். கூரையில் சோலார் பலகையும் வென்ட் ஃபேனும் ஏறினால் இன்னும் கூடும். நம் ஊர் அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்களில் பாதிக்கு மேல் பைப்புக்கும் டக்ட்டுக்கும் கீழே ஏழு அடி இருந்தாலே அதிகம். வெளியே விசிட்டர் பார்க்கிங்கில் நிறுத்தினால் அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவில் மறுநாளே உங்கள் வண்டியின் போட்டோ வந்துவிடும். தெருவில் விட்டால் கண்ணாடி, சோலார், பேட்டரி எதற்கும் உத்தரவாதம் இல்லை. என்னைப் போன்ற பலர் ஹொஸ்கோட்டே, சர்ஜாபூர், கனகபுரா ரோடு பக்கம் யாருடைய காலி மனையிலோ ஷெட்டிலோ மாத வாடகைக்கு விடுகிறோம். கூரையும் ஒரு பிளக் பாயின்ட்டும் இருக்கிற இடம் கிடைத்தால் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாவது பிடித்துக்கொள்ளுங்கள். மரத்தடி வேண்டாம். ஏப்ரல், மே மழையில் கிளை முறிந்து விழுவது இந்த ஊரில் வருடா வருடம் நடக்கிறது.

இடத்தைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கேரவன் ஓடிக் கெடுவதைவிட நின்று கெடுவதுதான் அதிகம். லாரிக்காரர் வண்டி தினமும் ஓடுகிறது, கோளாறு வந்தால் அன்றைக்கே தெரியும். நம் வண்டி மாதக்கணக்கில் நிற்கும். ஜி.பி.எஸ்.ஸும் ஸ்டீரியோவும் சொட்டுச் சொட்டாக இழுத்தே ஸ்டார்ட்டர் பேட்டரியைச் சாகடித்துவிடும். லாரிகளில் போடுகிற கட்-ஆஃப் சுவிட்ச் ஒன்றை பேட்டரிப் பக்கத்திலேயே போட்டுவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்தது. டயரைப் பார்த்தால் பட்டன் (ரோட்டில் படும் பக்கத்து வரிகள்) புதிதாக இருக்கும், ஆனால் ரப்பர் பக்கவாட்டில் வெடித்திருக்கும். டயர் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்தது. ஐந்தாறு வருடம் ஆகிவிட்டால், எவ்வளவு குறைவாக ஓடியிருந்தாலும் மாற்றிவிடுங்கள். எலி வேறு. வயர் கடித்து வைப்பது என்றால் அதற்கு அவ்வளவு இஷ்டம். பானெட்டை மாதம் ஒருமுறையாவது திறந்து பாருங்கள்.

நிற்கிற வண்டியை வாரம் ஒருமுறை ஸ்டார்ட் பண்ணி பத்து நிமிடம் விட்டால் போதும் என்று எல்லோரும் சொல்வார்கள். புகைக் கட்டுப்பாடு இறுகிய பிறகு வந்த பி.எஸ். 6 டீசல் வண்டிக்கு இது நல்ல யோசனை இல்லை. புகைக்குழாயில் இருக்கும் டி.பி.எஃப். வடிகட்டி தனக்குள் சேர்ந்த கரியை எரிக்க நல்ல சூடு வேண்டும். ஐடிலில் நின்றால் கரி சேரும், எரியாது. அதனால் மாதம் ஒரு தடவை ஓசூர் ரோட்டிலோ தும்கூர் ரோட்டிலோ 30, 40 கிலோமீட்டர் சீராக ஓட்டிவிட்டு வாருங்கள். எஞ்சின் ஆயிலில் ஈரம் தங்காது, ஏ.சி. கம்ப்ரஸர் ஓடும், பிரேக் டிஸ்க்கில் பிடித்த துருவும் உரசிப் போகும். வண்டியில் புகையைச் சுத்தப்படுத்தும் டி.இ.எஃப். திரவம் ஊற்றுகிற டேங்க் இருந்தால், அந்தத் திரவத்துக்கும் ஆயுள் உண்டு. வெயிலில் அது சீக்கிரம் கெடும், ஆகவே மொத்தமாக வாங்கி வைக்க வேண்டாம். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியதுதான்.

அடுத்தது ஒழுக்கு. கேரவனுக்கு இதைவிடப் பெரிய எதிரி கிடையாது. கம்பெனியிலிருந்து வரும்போது டிராவலரின் கூரை தகடு முழுசாக இருக்கும். நாம்தான் ஃபேனுக்கு ஒரு ஓட்டை, சோலார் ஸ்டாண்டுக்கு எட்டு ஓட்டை, கேபிளுக்கு ஒரு ஓட்டை என்று போடுகிறோம். ஒவ்வொன்றும் ஒரு நாள் ஒழுகும். கலாசிப்பாளையத்தில் பஸ் கூரை வேலை பார்க்கும் ஆம்பூர்க்காரர் ஒருவர் இருக்கிறார், பாய் என்றுதான் கூப்பிடுவோம். என் வண்டியில் அலமாரி மூலையில் ஈரம் தெரிந்ததும் அவரிடம் கொண்டுபோனேன். மூலையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பையனைக் கூரையில் ஏற்றி, ஹோஸ் பைப்பை முன்பக்கத்திலிருந்து அடி அடியாக நகர்த்தச் சொல்லிவிட்டு, உள்ளே டார்ச்சுடன் உட்கார்ந்துகொண்டார். கால் மணி நேரம் ஒன்றும் இல்லை. சோலார் ஸ்டாண்டின் இரண்டாவது போல்ட்டுக்குத் தண்ணீர் வந்ததும், உள்ளே அதற்கு நான்கடி தள்ளி இருந்த அலமாரி மூலையில் சொட்டியது. தண்ணீர் ஸீலிங்குக்கும் தகட்டுக்கும் நடுவே இருக்கும் ரிப் (குறுக்குச் சட்டம்) வழியாக நடந்து வந்திருக்கிறது. "சார், சிலிக்கானை பாத்ரூமோட நிறுத்திக்கணும். வண்டி ஓடுறப்ப கூரை நெளியும், அது பிஞ்சுரும்" என்றார். பழைய சிலிக்கானைச் சுரண்டி எடுத்து, ரப்பர் மாதிரி ஒட்டும் பியூட்டில் டேப் வைத்து, மேலே பாலியூரிதேன் சீலன்ட் அடித்தார். ஸ்க்ரூ போட்ட இடங்களில் சிலிக்கானை நம்பாதீர்கள், அதன் மேல் மறுபடி எதுவும் ஒட்டவும் செய்யாது. இந்த ஊரில் மழை உச்சத்துக்குப் போவது செப்டம்பர், அக்டோபரில். ஒவ்வொரு மேயிலும் ஒருமுறை கூரை மேல் ஏறி ஒவ்வொரு போல்ட்டாகப் பாருங்கள்.

எடை விஷயத்தைப் பலர் யோசிப்பதே இல்லை. வீட்டு இன்டீரியர் ஆசாரியைக் கூப்பிட்டு உள்வேலை செய்தால் அவர் வீட்டுக் கப்போர்டு மாதிரிதான் செய்வார். 18 எம்.எம். பிளைவுட்டில் 8-க்கு 4 அடிப் பலகை ஒன்றே ஏறக்குறைய 30 கிலோ. அதில் பத்துப் பலகை, மேலே லேமினேட், கிரானைட் மேடை. அப்புறம் 100 லிட்டர் தண்ணீர் என்றால் 100 கிலோ. கரூரில் பஸ் பாடி கட்டுகிறவர்களிடம் பேசிப் பாருங்கள், ஒவ்வொரு கிலோவுக்கும் கணக்கு வைத்திருப்பார்கள். வேலை முடிந்ததும் டேங்க் நிரப்பி, குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு எடை மேடைக்குப் போங்கள். முழு வண்டியை ஒருமுறை, முன் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி ஒருமுறை. கழித்தால் பின் ஆக்ஸில் எடை வந்துவிடும். நாங்கள் போனபோது சீட்டு எழுதுகிறவர் என்ன லோடு என்று கேட்டார், என் மனைவி "குடித்தனம்" என்றாள். ஆர்.சி.யில் இருக்கும் மொத்த எடைக்குள் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள், முன்னும் பின்னும் அது எப்படிப் பிரிகிறது என்றும் பாருங்கள். தண்ணீர் டேங்கைப் பின் ஆக்ஸிலுக்கும் பின்னால் வைத்தால் முன்பக்கம் லேசாகி ஸ்டீரிங் மிதக்கும். டயர் காற்றையும் இந்த எடைக்கு ஏற்றபடிதான் வைக்க வேண்டும்.

மின்சாரத்துக்கு வருகிறேன். 12.8 வோல்ட், 100 ஏ.எச். லித்தியம் பாஸ்பேட் பேட்டரி என்றால் 1280 வாட் அவர், அதாவது ஒன்றேகால் யூனிட் சொச்சம். மின்சாரம் குறைவாக இழுக்கும் பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட், நான்கைந்து எல்.இ.டி., போன், லேப்டாப், ஒரு சின்ன 12 வோல்ட் ஃப்ரிட்ஜ். ஒரு நாள் ஓட்டலாம். இதே பேட்டரியில் ஒரு டன் ஏ.சி. போட்டால் ஒரு மணி நேரம் வந்தாலே பெரிய விஷயம். "சோலார்ல ஏ.சி. ஓடும்" என்று யாராவது விற்க வந்தால் எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். ஏ.சி. கட்டாயம் வேண்டுமென்றால் ராத்திரி பிளக் கிடைக்கிற இடமாகப் பார்த்துத் தங்குவதுதான் யதார்த்தம். பெங்களூரிலிருந்து ஊட்டி, குடகு, சிக்மகளூர் என்று மலைக்குத்தானே போகப் போகிறோம், அங்கே ஃபேனே குளிரும்.

வயரிங்கில் கஞ்சத்தனம் கூடாது. 2000 வாட் இன்வெர்ட்டர் முழு லோடில் 12 வோல்ட் பக்கம் 170 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். வீட்டு வயரிங் பழக்கத்தில் மெல்லிய வயர் போட்டால் அது உருகும், பக்கத்தில் இருப்பது பிளைவுட். கட்டை விரல் தடிமனுக்குக் கேபிள் போடுங்கள், பேட்டரி டெர்மினலை ஒட்டியே ஃப்யூஸ் வையுங்கள். எஸ்.பி. ரோட்டில் எல்லாம் கிடைக்கும், செப்பு கேபிள்தானா என்று வெட்டிக் காட்டச் சொல்லி வாங்குங்கள். லித்தியத்தை, எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரில் நேரடியாக இணைத்தால் அது அடங்காமல் இழுத்து ஆல்டர்னேட்டரைச் சூடாக்கும். நடுவில் அந்த இழுப்பைக் கட்டுப்படுத்தும் டிசி-டிசி சார்ஜர் அவசியம். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தும்போது லித்தியத்தைப் பாதிச் சார்ஜில் விடுங்கள். லெட் ஆசிட் என்றால் நேர்மாறு, எப்போதும் முழுசாக இருக்க வேண்டும்.

தண்ணீர் டேங்கில் போர் தண்ணீர் ஊற்றாதீர்கள். நம் ஊர் போர் தண்ணீரின் உப்பு பம்ப்பையும் ஷவரையும் அடைத்துவிடும். காவிரித் தண்ணீர் வரும் நாளில் நிரப்பிக்கொள்ளலாம். ஊருக்குத் திரும்பியதும் முழுசாக வடித்துவிட வேண்டும். ரொம்ப நாள் கழித்து எடுக்கும்போது 100 லிட்டருக்கு 100 மில்லி என்ற கணக்கில், வாசனை சேர்க்காத 5 சதவீத ஹைபோகுளோரைட் பிளீச் ஊற்றி, எல்லாக் குழாயிலும் வாசனை வரும்வரை திறந்துவிட்டு, சில மணி நேரம் ஊறவைத்து, இரண்டு தடவை அலசுங்கள். டாய்லெட்டுக்குப் பெரிய கழிவு டேங்க் வேண்டவே வேண்டாம், அதைக் கொண்டுபோய்க் கொட்ட இங்கே வசதி மிகக் குறைவு. கையில் தூக்குகிற கேஸட் டாய்லெட் போதும். ராத்திரி அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, வீட்டுக் கழிப்பறையில் கொட்டிவிடலாம்.

சமையலை வண்டிக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் கட்சி. பின்கதவைத் திறந்தால் வெளியே இழுக்கிற மாதிரி அடுப்பு. உள்ளே ஒரு தடவை கடுகு தாளித்தால் எண்ணெய்ப் பிசுக்கு ஸீலிங் வரை ஒட்டும், தலையணையில் மூன்று நாள் வெங்காய வாசனை. மாவு கொண்டுபோவதாக இருந்தால் டப்பாவில் பாதிக்கு மேல் வேண்டாம், மலை ஏறும்போது பொங்கி ஃப்ரிட்ஜ் முழுக்க வழியும். காஸ் என்றால் ஐந்து கிலோ சிலிண்டர், தனிப் பெட்டியில், அந்தப் பெட்டியின் அடியில் வெளியே திறக்கும் ஓட்டையோடு. எல்.பி.ஜி. காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில்தான் தேங்கும். அதனால் அலாரத்தையும் கீழேதான் பொருத்த வேண்டும். ஹோஸை ஐந்து வருடத்துக்குள் மாற்றுங்கள், இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்ப்பதை ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் செய்யுங்கள். ஏ.பி.சி. பவுடர் தீயணைப்பான் கதவுப் பக்கத்தில் இருக்கட்டும், அடுப்புக்குப் பின்னால் வேண்டாம்.

காகித வேலை. ஆர்.சி.யில் ஒன்று இருக்க, வண்டி வேறாக இருக்கக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு அதைத்தான் சொல்கிறது. மோட்டார் கேரவனுக்கு ஏ.ஐ.எஸ். 124 என்று தனித் தரநிலை இருக்கிறது, அந்த அனுமதி பெற்றவர்களிடம் வேலையைக் கொடுங்கள். சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேன் தனியார் வாகன வகையில் வரும். டாக்ஸியாக ஓடிய மஞ்சள் போர்டு டிராவலர் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால், அதை மாற்றுவதற்கே ஆர்.டி.ஓ. படி பல தடவை ஏற வேண்டியிருக்கும். மொத்த எடை 7500 கிலோவுக்குள் இருந்தால் கார் ஓட்டும் எல்.எம்.வி. லைசென்ஸே போதும். ஓசூரில் பதிவு பண்ணி, தமிழ்நாட்டு டி.என். 70 நம்பர் போட்டுக்கொண்டு இங்கே ஓட்டலாமா என்று நம்மவர்கள் எல்லோரும் கேட்பார்கள். 12 மாதத்துக்கு மேல் கர்நாடகத்திலேயே வைத்திருந்தால் இங்கே பதிவு மாற்ற வேண்டும், வரியும் கட்ட வேண்டும். இன்சூரன்ஸில் உள்வேலையின் மதிப்பையும் எழுத்தில் காட்டுங்கள், இல்லாவிட்டால் க்ளெய்மின்போது வெறும் வேனுக்குத்தான் பணம் வரும்.

ஓட்டும் விஷயத்தில் ஒன்றிரண்டு. பந்திப்பூர் வழியாக ஊட்டிக்கும் வயநாட்டுக்கும் போகிற ரோடுகள் இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். கேரவன் மெதுவாகத்தான் போகும், அதனால் மாலை குண்டுலுப்பேட்டையைத் தாண்ட நேரமாகிவிட்டால் அங்கேயே தங்கிவிடுவது மேல். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும். சத்தியமங்கலம் போகிற வழியில் திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவு. இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே விட்டு எஞ்சினை இழுக்க விடுங்கள். பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் அடிவாரத்தில் பண்ணாரி வருவதற்குள் கருகிய வாசனை வரும்.

வாங்கலாமா என்ற கேள்விக்கு: நிறுத்த இடம் இருந்து, மாதம் ஒரு ஞாயிறு வண்டிக்காகக் கழிக்க மனசும் இருந்தால் வாங்குங்கள். வருடத்தில் இரண்டு மூன்று பயணம்தான் என்றால் வாடகை கேரவன் இதே ஊரில் கிடைக்கிறது, கணக்குப் போட்டால் அதுதான் லாபம். எப்படியும் முதலில் மழைக்காலத்தில் ஒரு வாரம் வாடகைக்கு எடுத்து, வீட்டுப் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். முழங்கால் வலிக்காரர்களுக்கு அந்தப் படி ஒத்துவருமா என்று அப்போது தெரியும். செகண்ட் ஹேண்ட் கேரவன் பார்க்கப் போவதென்றால் மழை பெய்த மறுநாள் போங்கள். மெத்தையைத் தூக்கிப் பலகையை விரலால் அழுத்துங்கள், அலமாரிக்குள் தலையை விட்டு முகர்ந்து பாருங்கள். புதுசாக பெயின்ட் வாசனையும் ரூம் ஃப்ரெஷ்னர் வாசனையும் சேர்ந்து அடித்தால் விலை பேசாமல் வந்துவிடுங்கள்.