ஜெப ஆலயத்தில் துள்ளல் மெட்டு

கேள்வி: எங்கள் கொயரில் பிள்ளைகள் கானா மெட்டில் பாட்டு கட்டுகிறார்கள். பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள். யூதர்களின் ஜெப ஆலயத்திலும் துள்ளல் மெட்டு உண்டாமே, அங்கே பக்தி குறையாதா?
– வாசகி, ராயபுரம்

பதில்: உண்டு, ஆனால் எல்லா இடத்திலும் இல்லை. ஆராதனை முடிவில் பாடும் 'அதோன் ஓலாம்' எந்த மெட்டுக்கும் இடங்கொடுக்கும். அரையடிக்கு எட்டு அசை: குறுகியது ஒன்று, நீண்டது மூன்று, மறுபடி அதே அடுக்கு. அடிக்கு அடி இது மாறாததால் கல்யாணப் பாட்டின் மெட்டுகூட உட்கார்ந்துகொள்ளும்.

வெள்ளி மாலைப் பாட்டு 'லெகா தோதி'க்கு 9 சரணம். பல சபைகளில் முதல் ஐந்தை நிதானமாகப் பாடி, 'வெட்கப்படாதே' என்று தொடங்கும் ஆறாவதில் வேகம் எடுப்பார்கள். துக்கம் தேறுகிற இடம் அது, துள்ளல் பொருந்துகிறது. பாவநிவாரண நாளுக்கு முந்திய மாலையின் 'கோல் நித்ரே' ஜெபத்தின் மெட்டிலோ அஷ்கெநாசி (மத்திய, கிழக்கு ஐரோப்பிய வழிவந்த) யூதர் யாரும் கைவைக்க மாட்டார்கள். ஊர் வழக்கத்து மெட்டை மாற்றாதே என்பது 1427-இல் மறைந்த ஜெர்மானிய ரபி யாக்கோப் மோலினின் கண்டிப்பு.

மெட்டு சொல்லைக் கெடுப்பதுதான் பெரிய வில்லங்கம். 'இஸ்ரவேலே, கேள்' என்ற ஜெபத்தின் முதல் சொல் 'ஷெமா'. தாளம் நிரப்ப அதை 'ஷெமா, ஷெமா' என்று இரட்டித்தால் இரண்டு கடவுளைக் கூப்பிடுவது போலாகும் என்று யூதரின் பழைய சட்ட நூலான தால்மூத் தடுக்கிறது. உபாகமம் 6:5-இன் 'வெஆஹவ்தா'வில் அழுத்தம் கடைசி அசையில் விழுந்தால் 'அன்புகூருவாயாக'. ஓரசை முன்னால் நகர்ந்தால் 'அன்புகூர்ந்தாய்'. நம்மிடமும் இது உண்டு. கானா வேகத்தில் 'வாரும்' என்பது 'வரும்' ஆனால் கூப்பிட்ட குரல் வெறும் சேதியாகிவிடும். முதலில் வரிகளை மெட்டில்லாமல் வாசியுங்கள், நெடில்களுக்கு அடிக்கோடு போடுங்கள், பிறகு பாடுங்கள். கோடிட்ட இடம் சுருங்கினால் அந்த மெட்டு வேண்டாம்.

சாவு வீட்டில் விடிய விடியப் பாடும் கானாவுக்குக் கனமில்லை என்று வடசென்னையில் யாரும் சொல்ல முடியாது. சினிமாவில் வந்த மெட்டு என்றால்தான் தொல்லை, பழைய வரி காதில் ஓடும். பாவ அறிக்கைக்கும் இராப்போஜனத்துக்கும் பழைய மெட்டே இருக்கட்டும். காணிக்கைப் பாட்டிலோ கடைசிப் பாட்டிலோ பிள்ளைகளை விடுங்கள்.

கேள்வி: ஓய்வுநாளில் யூதர்கள் வாத்தியம் தொடுவதில்லையாமே?
– வாசகர், காசிமேடு

பதில்: பழைய சட்டத்தைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கும் ஆர்த்தடாக்ஸ் யூத சபைகளில் தொடுவதில்லை, கம்பி அறுந்தால் சரிசெய்யக் கை போகும், அது வேலையாகிவிடும் என்பது காரணம். சீர்திருத்த யூத சபைகள் பலவற்றில் ஆர்கன் உண்டு. வாத்தியம் இல்லாதபோது ஒரே ஸ்தாயிக்குள் அடங்கும் மெட்டே சபைக்கு வசதி. பாட்டை எடுப்பவர் சுருதியை ஏற்றிவிட்டால் மேல் சுரம் வரும்போது பாதிப்பேர் வாயை மூடிக்கொள்வார்கள்.