மாத்திரை எத்தனை மணிக்கு, ரத்தம் எத்தனை மணிக்கு?

கேள்வி: என் அம்மா இதயத்துக்காக டிஜாக்சின் சாப்பிடுகிறார். சில நாட்களாகக் குமட்டல். ரத்தத்தில் மருந்தின் அளவு 2.6 என்று வந்தது. ஆனால் டாக்டர் மறுபடியும் ரத்தம் எடுக்கச் சொல்கிறார். பரிசோதனையில் கோளாறா?

பதில்: கோளாறு நேரத்தில் இருக்கலாம். அம்மா எத்தனை மணிக்கு மாத்திரை போட்டார், எத்தனை மணிக்கு ரத்தம் எடுத்தார்கள்? நீங்களும் எழுதவில்லை! ஆய்வகத்தில் இருந்த காலமெல்லாம் நான் சண்டை போட்டது இதற்குத்தான். படிவத்தில் அந்தக் கட்டம் மட்டும் காலியாகவே வரும். டிஜாக்சின் முதலில் ரத்தத்தில் ஏறி, அப்புறம்தான் மெல்ல இதயத் தசைக்குப் போய்ச் சேரும். மாத்திரை போட்டு 6 மணி நேரமாவது ஆகாமல் எடுத்தால், அளவு கூடுதலாகத்தான் காட்டும்.

சரி, நேரம் சரியாக இருந்து, மில்லிலிட்டருக்கு 2 நானோகிராமைத் தாண்டினால் நச்சு என்று சந்தேகிப்போம். அதற்காக 2-க்குக் கீழே இருந்தால் ஆபத்தில்லை என்று அர்த்தமில்லை. நீர் பிரிய மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குப் பொட்டாசியம் குறையும், அப்போது 1.5-லேயே இதயம் தாறுமாறாகத் துடிக்கலாம். சிறுநீரகம் மந்தமானால் மருந்து உடம்பில் தேங்கும். அதனால் பொட்டாசியம், சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியாட்டினின், இசிஜி மூன்றையும் கூடவே பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்த மாத்திரை கொடுக்கும் முன் இன்றே டாக்டரைக் கேளுங்கள். பார்வை மஞ்சளாகத் தெரிந்தாலோ, நாடி மிக மெதுவானாலோ, மயக்கம் வந்தாலோ ரிப்போர்ட்டுக்குக் காத்திராமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.