ஆங்கிலம் இன்னும் பழகாத மாணவருக்குப் பாடம்: கேள்வி பதில்

கேள்வி: கூட்டல், கழித்தல் எல்லாம் சரியாகப் போடும் மாணவி, ஆங்கில வாக்கியக் கணக்கு வந்தால் கோட்டை விடுகிறாள். எளிய கணக்காகக் கொடுத்துவிடலாமா?

பதில்: கணக்கைத் தொடாதீர்கள், வாக்கியத்தை மாற்றுங்கள். ‘ஃபைவ் லெஸ் தேன் எ நம்பர் ஈஸ் டுவெல்வ்’ என்ற வரியை என் மாணவி ஒருத்தி அப்படியே இடமிருந்து வலமாகப் படித்து, 5 − □ = 12 என்று எழுதினாள். வர வேண்டியது □ − 5 = 12, விடை 17. அவளுக்குக் கழித்தல் தெரியும். ‘லெஸ் தேன்’ வந்தால் வரிசை திரும்பிவிடும் என்பதுதான் தெரியவில்லை. ‘ஓர் எண்ணை எடு. அதில் 5 கழி. மிச்சம் 12’ என்று மூன்று சின்ன ஆங்கில வரிகளாக எழுதிக் கொடுத்ததும் போட்டுவிட்டாள். அப்புறம் பழைய வரியைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடச் சொன்னேன். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள், தேர்வில் வரப்போவது அந்தப் பழைய வரிதான்.

கேள்வி: தோழிகளோடு சரளமாக ஆங்கிலம் பேசுகிறாள். அறிவியல் விடை மட்டும் எழுத வரவில்லை. சோம்பலா?

பதில்: நிச்சயமாக இல்லை. பேச்சு மொழி வேறு, பாட மொழி வேறு என்று இருமொழிக் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1979-லேயே பிரித்துக் காட்டினார். பேச்சு சுமார் 2 ஆண்டில் வந்துவிடும். பாட மொழியில் சக மாணவர்களை எட்டிப்பிடிக்க 5 முதல் 7 ஆண்டுகள்கூட ஆகலாம். ‘வால்யூம்’ என்றால் அவளுக்குத் தெரிந்தது டிவி சத்தம், பாடத்தில் அது கன அளவு. தெரிந்த சொல் புதுப் பொருளில் வரும்போது பிள்ளைகள் சந்தேகமே கேட்க மாட்டார்கள். அதனால் அத்தகைய சொற்களை முதலில் எடுங்கள்.

கேள்வி: தாய்மொழியில் விளக்கலாமா?

பதில்: தாராளமாக. ஒளிச்சேர்க்கை ஒருமுறை புரிந்துவிட்டால், ஆங்கிலத்தில் கற்க மிஞ்சுவது சொற்களும் வாக்கியங்களும்தான். ஆனால் வரிக்கு வரி மொழிபெயர்க்க வேண்டாம். அடுத்து தாய்மொழியில் வரும் என்று ஆங்கில வரியைக் காதில் வாங்காமலே இருந்துவிடுவார்கள்.

கேள்வி: புதிதாகச் சேர்ந்த பையன் ஒரு மாதமாக வாயே திறக்கவில்லை.

பதில்: கேட்டுக்கொண்டிருக்கிறான், விடுங்கள். எழுப்பி நிறுத்திப் பேச வைக்காதீர்கள். படத்தில் வேர் எது, தண்டு எது என்று தொட்டுக் காட்டினாலே அது பதில்தான்.

கேள்வி: அறிவியல் விடையில் இலக்கணப் பிழைக்கு மதிப்பெண் குறைக்கலாமா?

பதில்: கூடாது. ‘பிளாண்ட் நீட் லைட்’ என்று எழுதிய பிள்ளைக்குச் செடிக்கு ஒளி வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. முழு மதிப்பெண் போடுங்கள். விடுபட்ட ‘எஸ்’ஸை ஓரத்தில் எழுதிக் காட்டினால் போதும்.