அடிக்கலை, ஆனா மூச்சு விட முடியலை... இதுக்கு கேஸ் போட முடியுமா மேடம்?

கேள்வி: கல்யாணமாகி ஆறு வருஷம், நாலு வயசுல பையன். என் வீட்டுக்காரர் இதுவரைக்கும் என்னை அடிச்சதில்ல. ஆனா என் சம்பளம் வர்ற ஏடிஎம் கார்டு அவர்கிட்டதான், பஸ்ஸுக்குக்கூட கேட்டுதான் வாங்கணும். தினமும் ராத்திரி என் ஃபோனை வாங்கிப் பார்ப்பார். சண்டைன்னா "இது எங்கம்மா பேர்ல இருக்கற வீடு, இப்பவே வெளிய போ"ம்பார். போன மாசம் வெளிய பூட்டிட்டுப் போயிட்டார், சாயங்காலம்தான் திறந்தார். நான் விவாகரத்து கேட்கல, நிம்மதியா இருக்கணும், அவ்வளவுதான். என்ன பண்றது?

பதில்: "அடிச்சதில்ல"ன்னு நீங்க ஆரம்பிச்சதுதான் எனக்கு ரொம்ப கஷ்டமா இருந்தது. என்கிட்ட வர்ற பொண்ணுங்க நிறைய பேர் இப்படித்தான் ஆரம்பிக்கறாங்க, ஏதோ அடி வாங்கினாதான் வாய் திறக்கவே உரிமை இருக்குங்கற மாதிரி. சட்டம் அப்படி சொல்லலம்மா. 2005-ல வந்த குடும்ப வன்முறைச் சட்டம் 3-வது பிரிவுல அடி உதை, பாலியல் கொடுமை, வார்த்தையால மனசை நோகடிக்கறது, பணத்தை முடக்கறதுன்னு எல்லாத்தையுமே வன்முறைன்னுதான் சொல்லுது. உங்க சம்பளத்தை உங்க கையில தராம இருக்கறது அந்தக் கடைசி வகை. கதவைப் பூட்டினது இன்னும் ஒரு படி மேல, ஆளை அடைச்சு வைக்கறது பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலா வந்த புதுச் சட்டம்) 127-வது பிரிவுல தனிக் குற்றம்.

வீட்டு விஷயத்துக்கு வர்றேன். மாமியார் பேர்ல பத்திரம் இருந்தாலும் நீங்க குடும்பமா வாழ்ந்த வீட்டுலேருந்து உங்களை அவங்க இஷ்டத்துக்கு வெளிய தள்ள முடியாது, குடும்ப வன்முறைச் சட்டத்தோட 17-வது பிரிவு உங்களுக்கு அங்க குடியிருக்கற உரிமை தருது, புருஷனோட அப்பா அம்மா சொத்தா இருந்தாலும் அது பொருந்தும்னு 2020-ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லியாச்சு. ஆனா ஒண்ணு, இது குடியிருக்க மட்டும்தான், சொத்துல பங்கு வராது. அங்க இருக்க முடியாதுன்னா வேற வீடு பார்த்துக் கொடு, இல்ல வாடகை கொடுன்னு அவருக்கு ஆர்டர் வாங்கலாம். இதுக்கெல்லாம் விவாகரத்து கேஸ் போட்டிருக்கணும்னு அவசியமே இல்ல.

ஆதாரம் இல்லையேன்னு பயப்படாதீங்க. உங்க பேங்க் ஸ்டேட்மெண்டே பேசும்: ஒண்ணாம் தேதி சம்பளம் விழுது, அன்னைக்கே ஏடிஎம்ல மொத்தமா எடுத்திருக்கு, மாசா மாசம் இதே கதை, ஆனா அந்த கார்டு உங்க கையில இல்ல. பிராஞ்சுல நேர்ல போய் வாங்குங்க. என்னைக்கு என்ன நடந்ததுன்னு தேதியோட எழுதி வைங்க, ஆனா உங்க ஃபோன்ல வேண்டவே வேண்டாம், அவர்தான் பார்க்கறாரே, ஆபீஸ்ல ஒரு நோட்டுல எழுதி டிராயர்ல வைங்க. கடவுள் புண்ணியத்துல நடக்காம இருக்கணும், ஆனா ஒருநாள் கை ஓங்கிட்டார்னா ஆஸ்பத்திரியில "கீழ விழுந்துட்டேன்"னு மட்டும் சொல்லாதீங்க. நீங்க சொல்றதைத்தான் டாக்டர் ஏஆர் காப்பியில (காயம் எப்படி ஆச்சுன்னு ஆஸ்பத்திரியில எழுதற பதிவு) எழுதுவார், ரெண்டு வருஷம் கழிச்சு குறுக்கு விசாரணையில எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஒரு வரியைக் காட்டித்தான் உங்களை மடக்குவார். இதை நான் கண்ணெதிர்ல பார்த்திருக்கேன்.

உதவிக்கு முதல்ல 181, பெண்கள் உதவி எண், எந்நேரமும் எடுப்பாங்க. உயிருக்கு ஆபத்துன்னா யோசிக்காம 112. உங்க மாவட்ட சமூக நல அலுவலகத்துல பாதுகாப்பு அலுவலர் இருப்பாங்க, நீங்க சொல்றதை அறிக்கையா எழுதி மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு அனுப்பறது அவங்க வேலை. வக்கீலுக்குக் காசில்லைன்னா மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கு, பெண்களுக்கு வருமானம் எவ்வளவுன்னு பார்க்காம இலவசமா வக்கீல் வச்சுத் தருவாங்க, எண் 15100. நீங்க அம்மா வீட்டுக்குப் போய் தங்கினா அந்த ஊர் கோர்ட்டுலயே மனு போடலாம், இந்த ஊருக்கு அலைய வேண்டாம். 60 நாள்ல முடிக்கப் பார்க்கணும்னு சட்டம் சொன்னாலும் பல கேஸ் இழுக்குது, அதனால மனுவோடவே 23-வது பிரிவுல இடைக்கால உத்தரவு, அதாவது கேஸ் முடியற வரைக்குமான உத்தரவு கேளுங்க, பையன் உங்ககிட்ட இருக்கணும்னு அதுலயே கேட்கலாம். உங்களைத் துன்புறுத்தக் கூடாதுன்னு கோர்ட் போடற பாதுகாப்பு உத்தரவை அவர் மீறினா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல 20,000 ரூபாய் வரைக்கும் அபராதம், ரெண்டும்கூட.

மகளிர் ஸ்டேஷனுக்குப் போனா "அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா"ன்னு சொல்லி சமாதானமா போறோம்னு எழுதிக் கேட்பாங்க சில இடத்துல. மனசு ஒப்பலைன்னா கையெழுத்துப் போடாதீங்க, புகாரை வாங்கிட்டோம்னு ஸ்டேஷன்ல தர்ற சிஎஸ்ஆர் ரசீது வாங்காம வெளிய வராதீங்க.

இன்னொண்ணு, இதுதான் ரொம்ப முக்கியம். கோபத்துல அவர்கிட்ட "கேஸ் போடப் போறேன்"னு சொல்லிடாதீங்க. பிடி நழுவுதுன்னு தெரியற நேரத்துலதான் இந்த மாதிரி ஆளுங்க கையை ஓங்கறாங்க. சம்பளத்தைப் புது அக்கவுண்டுக்கு மாத்தறதையும் இப்ப பண்ணாதீங்க, ஒண்ணாம் தேதியே தெரிஞ்சுடும், இடைக்கால உத்தரவு கையில வந்தப்புறம் மாத்துங்க. அதுக்குள்ள பையனோட பர்த் சர்டிஃபிகேட், ரெண்டு பேர் ஆதார், நகை பில்லு எல்லாத்தையும் ஒவ்வொண்ணா ஆபீஸுக்குக் கொண்டு போய் வச்சுடுங்க. நாளைக்கு மதியம் சாப்பாட்டு நேரத்துல, நம்பிக்கையான தோழியோட ஃபோன்லேருந்து, 181-க்கு ஒரு கால் பண்ணுங்க.