ராக்வூல் விவரத்தாள் ஒன்றில் 0.25, இன்னொன்றில் 0.038: எது நல்லது?

சுங்கை சிப்புட்டில் தகரக் கூரை வீட்டுக்கு ராக்வூல் (வெப்பத்தைத் தடுக்கும் கல்பஞ்சு) போடப் போகிறீர்கள். அமெரிக்க விவரத்தாளில் வெப்பக் கடத்துத்திறன் 0.25, உள்ளூர்த் தாளில் 0.038. இந்த எண் குறையக் குறைய நல்லது. எண்ணைப் பார்த்து உள்ளூர்ச் சரக்கு ஏழு மடங்கு மேல் என்று நினைத்துவிட வேண்டாம். அலகு வேறு.

அமெரிக்கத் தாளின் ஓரத்தில் பொடி எழுத்தில் "பிடியூ-இஞ்ச்" என்று இருக்கும். பிடியூ என்பது வெப்பத்தை அளக்கும் அலகு. அதாவது ஒரு மணி நேரத்தில், ஒரு சதுர அடியில், ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் வித்தியாசத்துக்கு, ஓர் அங்குலத் தடிப்பு வழியே எத்தனை பிடியூ போகிறது என்பது. அதை 0.1442 ஆல் பெருக்கினால் வாட்/மீட்டர்-கெல்வின் கிடைக்கும். 0.25 × 0.1442 = 0.036. ஆக அமெரிக்கச் சரக்குதான் ஒரு நூல் மேல். இதற்காக அதிக வெள்ளி கொடுக்க மாட்டேன்.

பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. சில தாள்களில் அங்குலத்துக்குப் பதில் அடி இருக்கும். அப்போது பெருக்க வேண்டியது 1.7307. எப்படி வந்தது? ஒரு பிடியூ 1055 ஜூல். 3600 விநாடியால் வகுத்தால் 0.293 வாட். அதை ஓர் அடிக்குரிய 0.3048 மீட்டரால் வகுத்து 1.8 ஆல் பெருக்குங்கள்; ஒரு கெல்வின் வித்தியாசம் 1.8 டிகிரி ஃபாரன்ஹீட். அதை 12 ஆல் வகுத்தால் அங்குலக் கணக்கின் 0.1442.

அந்த 1.8 மட்டும் போதும், ஃபாரன்ஹீட்டைச் செல்சியஸாக மாற்றும்போது செய்வதுபோல் 32-ஐக் கழிக்கக் கூடாது. இங்கே வெப்பநிலை வித்தியாசம்தான் கணக்கு.

தவறிப்போய் 1.7307 ஆல் பெருக்கினால் 0.43 வரும். ராக்வூல் கிட்டத்தட்ட செங்கல் ஆகிவிடும். அப்படி வந்தால் அங்குலமா அடியா என்று தாளைத் திரும்பப் பாருங்கள்.